தட்டில் எது மிஞ்சியிருக்கிறது? சரியாகக் கழுவாத டிஷ்வாஷரைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

“ஏற்கெனவே வருவது உப்புத் தண்ணீர். இதில் மெஷினுக்குள் இன்னும் ஒரு கிலோ உப்பைக் கொட்டச் சொல்கிறார்களே, இது எப்படிச் சரியாகும்?” எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் குடியிருக்கும் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. டிஷ்வாஷர் வாங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. உப்பு போடும் மூடியை அவர் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கண்ணாடி டம்ளர்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தன. பழுது பார்க்க வந்தவர் ஒருவர், மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மோட்டாருக்கும் அந்த வெள்ளைப் படலத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அக்காவின் கேள்வி முழுக்க நியாயமானது. அதற்குப் பதில் கிடைக்காததால்தான் சில வீடுகளில் நல்ல இயந்திரங்கள் துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. “நம் ஊர் எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இது ஆகாது”, “தண்ணீர் வேகம் போதாது”, “எப்படியும் கையால் ஒருமுறை கழுவித்தான் வைக்க வேண்டும்” என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் நம்பத் தோன்றுகிறது. ஆனால் மூடிய கதவுக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. அது தெரிந்துவிட்டால், கழுவி முடித்த தட்டில் எது மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தேய்க்கும் கை கிடையாது

கையால் கழுவும்போது நாரால் தேய்க்கிறோம். டிஷ்வாஷருக்குள் தேய்ப்பதற்கு எதுவும் இல்லை. தண்ணீரின் அடி மட்டுமே உண்டு. இந்த எண்ணத்தை முதலில் வெற்றிகரமாகச் செயல்படுத்தியவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன். 1886-இல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், பாத்திரங்களைக் கம்பித் தட்டுகளில் அடுக்கி, அவற்றின்மீது சோப்பு கலந்த வெந்நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. இன்று நம் சமையலறையில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

துணி துவைக்கும் இயந்திரம்போல டிஷ்வாஷரும் உள்ளே நீர் நிரம்பிப் பாத்திரங்களை ஊறவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் மட்டும் உள்ளே வந்து அடிப்பகுதிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கேயே ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. சுழற்சி பம்ப் எனப்படும் மோட்டார் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, மேலும் கீழும் உள்ள தெளிப்புக் கைகளுக்கு அனுப்புகிறது. தெளிப்புக் கை என்பது வரிசையாகத் துளைகள் போட்ட, சுழலக்கூடிய ஒரு குழாய். புல்வெளியில் நீர் தெளித்தபடி தானாகச் சுற்றும் தெளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த துளையிலிருந்து நீர் ஒரு பக்கம் பாயும்போது, கை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டுச் சுழல்கிறது. இங்கும் அதுவே, சுழற்றுவதற்குத் தனி மோட்டார் கிடையாது.

பாத்திரத்தில் பட்ட நீர் கீழே விழுகிறது, வடிகட்டி வழியாக மீண்டும் அதே பள்ளத்துக்குப் போகிறது, மீண்டும் மேலே ஏறுகிறது. ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பப் பொழிகிறது. கட்டம் முடிந்ததும் வேறொரு பம்ப் அதை வெளியேற்றுகிறது. புதுத் தண்ணீர் வருகிறது. முன்னலசல், சோப்போடு முதன்மைக் கழுவல், அலசல், கடைசியில் சூடான அலசல் எல்லாம் சேர்ந்து, இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் மொத்தச் செலவு ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து லிட்டர்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் உடனே தெளிவாகின்றன. ஒன்று, “தண்ணீர் வேகம்” பற்றிய புகார். பாத்திரத்தின்மீது அடிக்கும் வேகம் குழாயிலிருந்து வருவதில்லை, உள்ளே இருக்கும் பம்பிலிருந்து வருகிறது. குழாய் செய்ய வேண்டியது பள்ளத்தை நிரப்புவது மட்டுமே. அதற்கும் ஓர் அளவு அழுத்தம் வேண்டும் என்பது உண்மை. பல கையேடுகள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். மேல்தளத்து வீட்டுக்கு மூன்று மீட்டர் உயரத்தில்தான் மொட்டைமாடித் தொட்டி என்றால் கிடைப்பது 0.3 பார். அங்கே நீர் நிரம்பத் தாமதமாகும், சில இயந்திரங்கள் குழாய் மூடியிருப்பதாக எச்சரித்து நின்றுவிடும், நீர் குறைவாக எடுத்துக்கொண்டால் தெளிப்பும் தளர்ந்துவிடும். கீழ்த்தளத்து வீட்டுக்காரர் அதே காரணத்தைச் சொன்னால் அநேகமாக அது காரணமாக இருக்காது.

இரண்டாவது, வடிகட்டி. அழுக்குத் தண்ணீரே திரும்ப மேலே போகிறது என்பதால், அந்த ஒரு சல்லடைதான் சாதத்துக்கும் கறிவேப்பிலைக்கும் தடை. அது அடைத்துக்கொண்டால் நீர் பள்ளத்துக்கு இறங்காது. பம்புக்குத் தண்ணீர் போதாமல் தெளிப்பு சோர்ந்துவிடும். அதைச் சரியாகப் பூட்டாமல் வைத்தால் கடுகும் சீரகமும் ஓரமாக நழுவி, பம்ப் வழியாகத் தெளிப்புக் கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சுருக்கமாக: டிஷ்வாஷர் என்பது சிறிதளவு சூடான நீரை வடிகட்டி வடிகட்டித் திரும்பப் பொழியும் ஒரு பெட்டி. மழை படாத இடம் கழுவப்படாது.

அடிப்பிடித்த பால் பாத்திரம் சொல்லும் பாடம்

பால் அடிப்பிடித்துவிட்டால் வீட்டில் என்ன செய்வோம்? பலம் இருந்தால் நன்றாகத் தேய்ப்போம். அவசரமில்லை என்றால் இரவு முழுக்க ஊறப்போடுவோம். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி அடுப்பில் கொதிக்கவிடுவோம். அதிலேயே கொஞ்சம் சோடா மாவும் போடுவோம். விசை, நேரம், வெப்பம், வேதிப்பொருள் என்ற நான்கையும் நம் அம்மாக்கள் பெயர் வைக்காமலே கையாண்டார்கள். ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்டினால் போதும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதையே ஒரு வட்டமாக வரைந்து விளக்கினார். சுத்தம் செய்யும் தொழிலில் அது சின்னர் வட்டம் என்று அழைக்கப்படுகிறது. வட்டத்தின் நான்கு துண்டுகளில் ஒன்றைச் சிறிதாக்கினால், இன்னொன்று பெரிதாக வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் நிறையாது.

இதைப் பிடித்துக்கொண்டால் இயந்திரத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் நிரல்கள் (புரோகிராம்கள்) புரிந்துவிடும். “சிக்கன நிரல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, மின்சாரம் எப்படி மிச்சமாகும்?” என்று கேட்பவர்கள் உண்டு. டிஷ்வாஷரில் மின்சாரத்தின் பெரும்பகுதியை எடுப்பது தண்ணீரைச் சூடாக்கும் வேலை. சிக்கன நிரல் வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. அதனால் செலவு குறைகிறது. அரை மணி நேர விரைவு நிரலில் வெப்பமும் குறைவு, நேரமும் குறைவு. காபி டம்ளர்களுக்கு அது போதும். வத்தக்குழம்பு காய்ந்துபோன கடாயை அதில் போட்டுவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அதற்கு 65, 70 டிகிரி செல்சியஸ் வரை போகும் தீவிர நிரல் வேண்டும். நம் ஊர்ச் சமையலுக்கு ஆகாது என்ற பேச்சில் பெரும்பகுதி, தவறான நிரலைத் தேர்ந்ததால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

சாம்பலும் புளியும்

வேதிப்பொருள் என்றதும் பயப்பட வேண்டாம். விறகடுப்புக் காலத்தில் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பலால் தேய்த்தார்கள். சாம்பல் ஒரு காரம். காரம் எண்ணெயைப் பிடியிலிருந்து கழற்றும். பித்தளைக்குப் புளி போட்டார்கள். புளி ஓர் அமிலம். அமிலம் உலோகத்தின்மேல் படிந்த கறையைக் கரைக்கும். டிஷ்வாஷருக்குள்ளும் இதே இரண்டு கட்சிகள்தான். டிடர்ஜென்ட் காரப் பக்கம். அதில் சலவைச் சோடா முக்கியமான சேர்மானம். கடைசி அலசலில் வரும் ரின்ஸ் எய்டு என்ற திரவம் பெரும்பாலும் அமிலப் பக்கம்.

டிடர்ஜென்டில் நொதிகளும் உண்டு. நொதி என்பது உணவுப் பொருளைச் சிறு துண்டுகளாக உடைக்கும் உயிர்வேதிப் பொருள். ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. அதே வகை நொதிதான் காய்ந்த தோசை மாவையும் சோற்றுக் கஞ்சியையும் தட்டிலிருந்து விடுவிக்கிறது. பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றின் புரதத்துக்கு வேறொரு நொதி இருக்கிறது. இவை வேலை செய்ய மிதமான வெந்நீரும் நேரமும் வேண்டும். மஞ்சள், தேநீர்க் கறைகளுக்கு ஆக்சிஜன் வெளியிடும் ஒரு வெளுப்பான் சேர்க்கப்படுகிறது.

ரின்ஸ் எய்டை வெறும் வாசனைத் திரவம் என்று விட்டுவிடுகிறார்கள். தாமரை இலைமேல் நீர் உருண்டு நிற்பது நமக்குத் தெரியும். கண்ணாடிமேல் அப்படி உருண்டு நிற்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்த பிறகு ஒரு புள்ளியை விட்டுச் செல்லும். ரின்ஸ் எய்டு தாமரை இலைக்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. நீர் துளியாக நிற்காமல் மெல்லிய விரிப்பாகப் பரவி வழிந்துவிடுகிறது. பாத்திரம் காய்வதும் அதனால்தான் எளிதாகிறது.

மாத்திரை வடிவ டிடர்ஜென்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை இயந்திரத்தின் உள்தரையில் அப்படியே போட்டுவிடுவோர் உண்டு. முதல் கட்டமான முன்னலசலிலேயே அது கரைந்து, அந்த நீரோடு சாக்கடைக்குப் போய்விடும். முதன்மைக் கழுவலுக்குச் சோப்பே மிஞ்சாது. கதவில் உள்ள மூடிப்பெட்டி உரிய நேரத்தில் திறக்கும்படி செய்திருப்பது இதற்காகத்தான். முன்னால் நிற்கும் பெரிய தட்டு அந்த மூடியைத் திறக்கவிடாமல் தடுத்தாலும் இதே விளைவு. கழுவி முடிந்தபின் பாதி கரைந்த மாத்திரை பெட்டிக்குள் ஒட்டியிருந்தால் முதலில் அந்தத் தட்டின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் எழும் நுரையைப் பம்ப் உறிஞ்சினால் தண்ணீருக்குப் பதில் காற்றைத் தள்ளும். தெளிப்பு நின்றுபோகும், நுரை கதவு வழியாகவும் வெளியேறலாம்.

இதுவரை வந்ததைக் கோத்துக்கொள்ளலாம்: நீரின் விசை, வெப்பம், நேரம், வேதிப்பொருள் ஆகிய நான்கில் எது குறைந்தது என்று தேடுவதே பழுது தேடுவது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. சென்னையின் போர் தண்ணீர் வீடுகளில் அதுவே முதலாவது.

உப்புத் தண்ணீருக்கு உப்பு எதற்கு?

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். “உப்பு” என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் பயன்படுத்துகிறோம். போர் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சமையல் உப்பு இல்லை. பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் சுண்ணாம்பாகப் படிவது அது. இவை மிகுந்த நீருக்குப் பாடப்புத்தகத்தில் கடின நீர் என்று பெயர். கடின நீரில் சோப்பு நுரைக்காது, டிடர்ஜென்டின் பலத்தில் ஒரு பகுதி கால்சியத்தோடு சண்டையிடுவதிலேயே தீர்ந்துபோகும், கடைசி அலசலின் துளிகள் காயும்போது சுண்ணாம்பு கண்ணாடியில் தங்கிவிடும். முன்பெல்லாம் டிடர்ஜென்டில் இருந்த பாஸ்பேட் இந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. நீர்நிலைகளில் பாசி பெருகக் காரணமாவதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு டிஷ்வாஷர் டிடர்ஜென்டுகளில் 2017 ஜனவரி முதல் பாஸ்பேட்டுக்குக் கடும் வரம்பு வந்தது. பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்டுக்கு நீர் மென்மையாக இருப்பது இன்னும் முக்கியம்.

அதற்காக இயந்திரத்தின் அடியில் சாஃப்ட்னர் என்ற ஒரு சிறு அறை இருக்கிறது. அதற்குள் ரெசின் எனப்படும் நுண்ணிய பிசின் மணிகள். ஒவ்வொரு மணியையும் ஒரு பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் எல்லாவற்றிலும் சோடியம் அமர்ந்திருக்கிறது. கடின நீர் அந்த வழியாகப் போகும்போது, கால்சியம் ஏறி அமர்கிறது, சோடியம் எழுந்து நீரோடு போய்விடுகிறது. சோடியம் சுண்ணாம்பாகப் படியாது. ஆகவே பாத்திரத்துக்குப் போகும் நீர் மென்மையாகிறது.

சில தடவை ஓடியபின் எல்லா இருக்கைகளிலும் கால்சியம் நிறைந்துவிடும். இனி மாற்றம் நடக்காது. அப்போதுதான் நாம் போட்டு வைத்த உப்பு வேலைக்கு வருகிறது. உப்பு அறையில் உள்ள அடர்ந்த உப்பு நீர் ரெசின் வழியாகப் பாய்கிறது. உப்பிலிருந்து வந்து திருவிழாக் கூட்டம்போல முண்டியடிக்கும் சோடியத்தின் எண்ணிக்கை பலத்தில் கால்சியம் இறக்கிவிடப்பட்டு, நேராகச் சாக்கடைக்குப் போகிறது. உப்பு பாத்திரத்தைக் கழுவுவதில்லை, ரெசினைத்தான் கழுவுகிறது. அந்த உப்பு நீர் உங்கள் தட்டைத் தொடுவதே இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியானால் எட்டு மாதமாக அந்தப் பேருந்து கிளம்பவே இல்லை” என்றார். சரியாகப் புரிந்துகொண்டார்.

உப்பு அறைக்கு டிஷ்வாஷர் உப்பு என்று விற்கும் பருமனான, தூய உப்பையே போட வேண்டும். சமையல் தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. அவை நாளடைவில் அடைப்பை உண்டாக்கும். முதல் முறை நிரப்பும்போது அறையில் தண்ணீர் ஊற்றி, பிறகு உப்பைப் போட வேண்டும். வழிந்த உப்பு எவர்சில்வரை அரிக்கும் என்பதால் மூடியைச் சுற்றித் துடைத்து, உடனே ஒரு நிரலை ஓட்டிவிடுவது நல்லது.

உப்பு போட்டால் மட்டும் போதாது. எத்தனை தடவைக்கு ஒருமுறை ரெசினைக் கழுவ வேண்டும் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக நீரின் கடினத்தன்மை எண்ணை அமைப்பில் பதிய வேண்டும். இந்த ஒரு வேலையைப் பல வீடுகளில் யாருமே செய்வதில்லை. அந்த எண்ணுக்காக டி.டி.எஸ். மீட்டரைப் பார்ப்பது இன்னொரு பொதுவான தவறு. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள எல்லாப் பொருள்களின் மொத்தம். கடினத்தன்மை அதில் கால்சியம், மெக்னீசியத்தின் பங்கு மட்டும். கடல்நீர் உட்புகுந்த மீஞ்சூர் போன்ற கடலோரப் பகுதிகளில் டி.டி.எஸ். உயர்ந்திருப்பதில் சோடியம் உப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அதைச் சாஃப்ட்னரால் நீக்க முடியாது.

கடினத்தன்மையை அறியப் பரிசோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. அக்கா வீட்டு நீர் 540 காட்டியது. பல இயந்திரங்கள் ஜெர்மன் டிகிரி என்ற அலகில் எண்ணைக் கேட்கும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது ஏறக்குறைய 17.8 மில்லிகிராம். 540-ஐ அதனால் வகுத்தால் 30. அந்த எண்ணுக்குரிய நிலையைக் கையேட்டில் பார்த்து வைத்தோம். “எல்லாம் அடங்கிய மாத்திரை போடுகிறோம், தனியாக உப்பு எதற்கு?” என்பவர்கள் நீர் எவ்வளவு கடினம் என்று முதலில் பார்க்க வேண்டும். ஓரளவு கடினம்வரைதான் அந்த மாத்திரை தாங்கும். 30 டிகிரி நீருக்கு அது போதாது.

இனித் தட்டைப் படிக்கலாம்

மண்போலச் சொரசொரப்பாக, பருப்பும் மிளகாய் விதையும் எல்லாப் பாத்திரங்களிலும் ஒட்டியிருந்தால் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். கீழ்க் கம்பித் தட்டை எடுத்துவிட்டால் இயந்திரத்தின் உள்தரையில் இருக்கும். திருகினால் வெளியே வந்துவிடும். குழாயடியில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கிளிக் என்று பூட்டும்வரை திருப்பி வையுங்கள். தினமும் ஓட்டும் வீட்டில் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு கம்பித் தட்டில் இருப்பவை மட்டும், அல்லது ஒரு மூலையில் இருப்பவை மட்டும் அழுக்காக வந்தால், அங்கே மழை பெய்யவில்லை என்று பொருள். தெளிப்புக் கையை விரலால் சுற்றிப் பாருங்கள். கரண்டிக் காம்போ, உயரமான பாத்திரமோ இடிக்கலாம். இடிக்கவில்லை என்றால், கை நிற்கும் நிலையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். ஓரிரு நிமிடம் தெளிக்கும் சத்தம் கேட்டபின் நிறுத்தி, நீர் அடங்க விட்டுத் திறந்தால், கை வேறு இடத்தில் நிற்க வேண்டும். பல தடவை செய்தும் அதே இடத்திலேயே நின்றால் அது சுழலவில்லை. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடுகு உருளும் சத்தம்கூடக் கேட்கும். துளைகளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, குழாய் நீரை உள்ளே விட்டு அலசுங்கள்.

தொட்டால் வழவழவென்று எண்ணெய்ப் படலம் தெரிந்தால் வெப்பத்தையோ டிடர்ஜென்டையோ சந்தேகிக்க வேண்டும். முதலில் நிரலை மாற்றித் தீவிர நிரலில் ஓட்டுங்கள். சோப்புக் கட்டம் தொடங்கி இருபது, முப்பது நிமிடத்துக்குப் பிறகு நிறுத்தி, சற்றுக் காத்திருந்து, ஆவி முகத்தில் அடிக்காதபடி மெல்லத் திறந்து பாருங்கள். உள்ளே தெளிவாகச் சுட வேண்டும். குழாய் நீர்போலவே குளிர்ந்திருந்தால் ஹீட்டரோ அதைக் கட்டுப்படுத்தும் உணர்வியோ பழுது. இது பழுதுபார்ப்பவரின் வேலை. நீங்கள் தொடக் கூடாது.

வெள்ளைப் படலத்தில் மூன்று வகை உண்டு. விரலை வெறும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கரைந்துபோனால் அது அலசப்படாத டிடர்ஜென்டோ, சரியாக மூடாத உப்பு அறையிலிருந்து கசிந்த உப்போ, சோடியம் மிகுந்த நீரின் எச்சமோதான். தண்ணீருக்குப் போகாமல் எலுமிச்சைச் சாற்றுக்குப் போனால் சுண்ணாம்பு. உப்பையும் கடினத்தன்மை அமைப்பையும் ரின்ஸ் எய்டையும் பாருங்கள். எலுமிச்சைக்கும் மசியாமல் மங்கலாகவே நின்றால், அது படலமே இல்லை. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. மிகவும் மென்மையான நீர், அளவுக்கு மிஞ்சிய டிடர்ஜென்ட், கடும் சூடு ஆகியவை சேர்ந்தால் இப்படி ஆகும். அது திரும்பாது. ஆர்.ஓ. நீரை டிஷ்வாஷருக்கு இணைக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகவே இருப்பது இயந்திரத்தின் குறை இல்லை. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. வெயிலில் வைத்தால் வெளுக்கும்.

முடிந்தபின் இயந்திரத்தின் உள்தரையில் கலங்கிய நீர் தேங்கி நாற்றம் வந்தால், வெளியேற்றும் பாதையில் தடை. வடிகட்டியை எடுத்துவிட்டு, பள்ளத்தில் எலுமிச்சை விதையோ கண்ணாடித் துண்டோ சிக்கியிருக்கிறதா என்று, மின் இணைப்பைத் துண்டித்த பிறகு பாருங்கள். வெளியேற்றும் குழாய் சிங்க்கின் அடியில் ஒருமுறை உயரமாக வளைந்து இறங்க வேண்டும். தரையோடு தரையாகப் போனால் சிங்க் நீர் திரும்பி வரும். வடிகட்டிக்கு அடியில் சிறிதளவு தெளிந்த நீர் இருப்பது இயல்பு.

அடுக்குவதும் கழுவுவதில் பாதி

மழையில் குடைக்கு அடியில் நிற்பவர் நனைவதில்லை. ஒரு கிண்ணத்தின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது குடைக்கு அடியில்தான் இருக்கிறது. அழுக்கு முகம் கீழ்நோக்கியோ நடுவை நோக்கியோ சாய்ந்திருக்க வேண்டும். கடாய் முழுதாகக் கவிழாமல் சற்றுச் சாய்வாக நின்றால் நீர் வழிந்துபோகும். இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றித் தனித்தனியாக நிறுத்துங்கள். கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளரின் அடிக்குழியில் நீர் தேங்குவது வடிவத்தால் வருவது. லேசாகச் சாய்த்து வைத்தால் குறையும்.

முன்பே கையால் கழுவ வேண்டுமா? வேண்டாம். எலும்பு, கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, மிஞ்சிய சோறு ஆகியவற்றை வழித்துப் போட்டால் போதும். உடனே ஓட்டப் போவதில்லை என்றால், காய்ந்து இறுகாமல் இருக்க முன்னலசல் நிரல் மட்டும் ஓட்டி வைக்கலாம். கையால் கழுவி வைப்பது, இயந்திரம் செய்யவேண்டிய வேலையை அதிகத் தண்ணீர் செலவழித்து நீங்களே செய்வது.

சில பாத்திரங்களை உள்ளே வைக்கவே கூடாது. இண்டாலியம், அலுமினியக் குக்கர் ஆகியவற்றைக் காரம் தாக்கும், கறுத்துவிடும். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் வருடக்கணக்கில் பழக்கிய எண்ணெய்ப் பதம் ஒரே தடவையில் போய்த் துருப்பிடிக்கும். பித்தளையும் செம்பும் நிறம் மங்கும். மரக் கரண்டி வெடிக்கும். பாட்டியின் பித்தளைக் காபி ஃபில்டரைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள்.

பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது

வடிகட்டி, தெளிப்புக் கை, அடுக்குமுறை, நிரல், உப்பு, ரின்ஸ் எய்டு எல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் அழைக்கத்தான் வேண்டும். ஹீட்டர் சூடாகவில்லை, பம்ப் உறுமுகிறது ஆனால் தெளிக்கவில்லை, நீர் உள்ளே வரவே இல்லை, அடியில் கசிகிறது, திரையில் ஒரே பிழை எண் திரும்பத் திரும்ப வருகிறது என்பவை அவருக்குரியவை. “சரியாகக் கழுவவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கம்பித் தட்டில், எந்த நிரலில், என்ன மிஞ்சியது, எலுமிச்சைக்குப் போனதா, உள்ளே சூடு இருந்ததா என்று சொல்லுங்கள். இவ்வளவு தெரிந்தவரிடம் தேவையில்லாமல் மோட்டாரை மாற்றச் சொல்வது கடினம்.

அக்கா வீட்டில் மோட்டாரை மாற்றவில்லை. உப்பு நிரப்பி, 30 டிகிரிக்குரிய நிலையில் வைத்து, காலியான இயந்திரத்தைச் சிட்ரிக் அமிலம் போட்டு ஒருமுறை ஓட்டினோம். வெளுத்த டம்ளர்களை அவர் எலுமிச்சைத் தோலால் தேய்த்து எடுத்தார், எல்லாமே தெளிந்துவிட்டன. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் நீரின் கடினத்தன்மை மாறிவிடுகிறது என்பதால், சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். போருக்கு 30 என்று ஒரு வரி. லாரிக்கு எவ்வளவு என்ற இடம் காலியாக இருந்தது. போன மாதம் பரிசோதனைத் தாளில் பார்த்து 14 என்று எழுதியிருக்கிறார்.